ஒன்றியத்துக்கும் நகரத்துக்கும் நடுவே

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்குவழிச் சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் பாச்சல், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. புதுச்சத்திரம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். நாமக்கல் மாவட்டத்தின் 15 ஒன்றியங்களில் ஒன்று. அரசுப் பதிவேடு இதைக் கிராமப் பகுதி என்கிறது. சாலையில் நின்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள், பொறியியல் கல்லூரிக் கட்டடங்கள், லாரிப் பட்டறைகள், ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்று பலகை வைத்துக் கல் நட்ட மனைகள், இவற்றுக்கு இடையே மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் விளையும் காடுகள், காட்டுக்குள் ஒன்றிரண்டாகத் தோட்டத்து வீடுகள். காலையில் பால் ஊற்றிவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர் இங்கே உண்டு. அவர் வீட்டுப் பிள்ளை அதே சாலையில் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும்.

இந்த நிலத்துக்குத் திட்டம் தீட்ட வருபவர் எங்கே படித்திருப்பார்? அவருக்குக் கற்பித்த பாடங்கள் எந்த நாட்டு ஊர்களைப் பார்த்து எழுதப்பட்டவை? நகர, வட்டாரத் திட்டமிடல் கல்வியில் உலகப் பார்வை வேண்டும் என்று இன்று பல்கலைக்கழகங்கள் எல்லாம் சொல்கின்றன. மாணவர் பரிமாற்றம், வெளிநாட்டுப் பேராசிரியர் வருகை, கூட்டு ஸ்டுடியோ என்று அதற்கு வழிகளும் வகுக்கின்றன. அவை நல்லவையே. ஆனால் நம் நாட்டில் இத்துறை பிறந்ததே உலகத் தொடர்போடுதான் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். குறை வேறிடத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பாடங்களை நகரத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று எனப் பிரித்து இரண்டு அலமாரிகளில் வைத்துப் பூட்டிவிட்டோம். புதுச்சத்திரம் போன்ற ஊர்கள் இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது, அதைத் தாண்ட உலகப் பாடங்கள் எவை உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதை 1914இல் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடஸ் உயிரியல் படித்தவர். நகரங்களையும் உயிருள்ளவையாகப் பார்த்தவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை நகரத் திட்டமிடல் கண்காட்சியோடு வரவழைத்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய அதே எம்டன்தான். பிரிட்டனிலிருந்த நண்பர்கள் மறுபடி வரைபடங்களையும் படங்களையும் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு கெடஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சாவூர் அறிக்கையை உலகெங்கும் திட்டமிடல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நெருக்கமான பழைய தெருக்களை இடித்துத் தள்ளி, கோடு போட்டாற்போல் நேர்ச்சாலைகள் வெட்டுவது அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். கெடஸ் தெருத் தெருவாக நடந்தார். எந்தச் சுவரை எடுத்தால் காற்று வரும், எந்த மரத்தடியைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் விளையாட இடம் கிடைக்கும், எந்த இடிந்த வீட்டை மட்டும் அகற்றினால் போதும் என்று குறித்தார். வீடுகள் தப்பும், மனிதர்கள் இடம்பெயர வேண்டாம், செலவும் பன்மடங்கு குறையும் என்று கணக்கோடு காட்டினார். முதலில் பார், பிறகு நோயறி, அதன் பிறகே கத்தியை எடு. தமிழ் ஊர்களில் அவர் பழகிப் பார்த்த இந்த முறைதான் பிற்பாடு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1921இல் கொழும்புக்கும் அவர் அறிக்கை எழுதினார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் குடிமையியலும் கற்பித்தார்.

அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி தொகுத்து 1947இல் லண்டனில் நூலாக்கினார். நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட் முன்னுரை எழுதினார். டிர்விட் பின்னர் டொரான்டோவிலும் ஹார்வர்டிலும் கற்பித்தவர். ஆக, தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த சந்துகள் அட்லாண்டிக்கின் அக்கரையில் வகுப்பறைப் பாடமாயின. இங்கே என்ன ஆயிற்று? 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. நாட்டிலேயே முன்னோடிச் சட்டங்களில் ஒன்று. சட்டம் நிலைத்தது, நடந்து பார்க்கும் பழக்கம் நிலைக்கவில்லை. கெடஸை நாம் தேர்வுக்கான சிறுகுறிப்பாக மாற்றிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

அதே ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. திட்டமிடல் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்கே அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கிணறு எத்தனை, கூலி என்ன என்று எழுதி வந்தார்கள். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்ற ஊர்கள் 1918இல் நூலில் இடம்பெற்றன. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். அதற்குப் பிறகும் தலைமுறைக்குத் தலைமுறை உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் அங்கே திரும்பிப் போனார்கள். நூறாண்டுக்கால மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துக் காட்டும் இத்தகைய ஆய்வுத் தொடர் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்ற ஜே.சி. குமரப்பாவும் இதே பாதையில்தான் போனார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களோடு மாதர் தாலுகாவின் ஊர்களை அவர் அளந்தது 1929–30இல். வெளிநாட்டுப் படிப்பு அவரைக் கிராமத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

விடுதலைக்குப் பின் கிளை பிரிந்தது. பிரிவின் இரு பக்கத்திலும் ஒரே மனிதர் நிற்கிறார் என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஆல்பர்ட் மேயர் 1948இல் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் கிராம மேம்பாட்டுச் சோதனை ஒன்றைத் தொடங்கினார். சில பத்து கிராமங்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாக்கி, அங்கேயே தங்கும் ஊழியர் மூலம் வேளாண்மை, சாலை, பள்ளி, சுகாதாரம் எல்லாவற்றையும் ஒருங்கே பார்ப்பது என்பது திட்டம். 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய மேம்பாட்டுத் திட்டத்துக்கு எட்டாவா ஒரு முன்மாதிரி. அந்த வட்டாரங்களின் எல்லையை ஒட்டியே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாநிலத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. புதுச்சத்திரம் ஒன்றிய அலுவலகத்தின் பூர்விகத்தைத் தேடிப் போனால் எட்டாவாவும் வழியில் வரும். இதே மேயர்தான் சண்டிகருக்கு முதல் திட்டம் வரைந்தவர். லெ கார்புசியே அதற்குப் பின் வந்தார். 1950களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளைக் குழுவோடு வந்து, 1962இல் வெளியான டெல்லி முழுமைத் திட்டத்துக்கு உதவியவரும் அவரே.

ஒருவர் கையில் இருந்த இரண்டு வேலைகளும் கல்வியில் இரண்டு துறைகளாயின. நகரம் திட்டமிடல் பள்ளிகளுக்குப் போயிற்று. 1951இல் இந்திய நகரத் திட்டமிடுநர் நிறுவனம். 1955இல் டெல்லியில் நகர, ஊரகத் திட்டமிடல் பள்ளி, 1959இல் அது கட்டடக் கலைத் துறையோடு இணைந்தது. சென்னையில் கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் கட்டடக் கலை, திட்டமிடல் பள்ளி. 1972இல் அகமதாபாத்தில் திட்டமிடலுக்கென ஒரு பள்ளி. கிராமம் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனங்களுக்கும் காந்திகிராமம் போன்ற கல்விக்கூடங்களுக்கும் போயிற்று. முன்னது படம் வரையக் கற்பித்தது. பின்னது மக்களோடு பேசக் கற்பித்தது. படம் வரைகிறவர் நகர எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறார். மக்களோடு பேசுகிறவர் கையில் நிலப் பயன்பாட்டு வரைபடம் இல்லை. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்ட மரபை ஒட்டி, வட்டாரத் திட்டத்துக்கும் இடம் தந்திருந்தது. நடைமுறையில் பல பத்தாண்டுகள் நகரங்களின் முழுமைத் திட்டமே வேலையாக இருந்தது. மாநிலத்தை மண்டலங்களாக்கித் திட்டம் தீட்டும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் சூடு பிடித்திருக்கிறது.

வெளிநாட்டுப் பாடம் பொருந்தாமல் போவது பற்றிய முறையீடு நம்முடையது மட்டும் அன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் படித்த அடெடோகுன் அடெயெமி என்ற நைஜீரிய மாணவர், தாம் கற்பவை தம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் உதவாதவை என்று குரல் எழுப்பினார். அதன் விளைவாக 1953இல் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக் கலை மாநாடு கூடியது. அடுத்த ஆண்டே ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் அதற்கென ஒரு துறை திறந்தது. அதைப் பின்னர் நடத்தியவர் ஒட்டோ கோனிக்ஸ்பெர்கர். இட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகி, புவனேசுவரத்துக்குத் திட்டம் வரைந்து, அகதிகள் வந்து குவிந்த ஆண்டுகளில் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தவர் அவர். இருபதாண்டுக்கான படத்தை வரைந்து முடிப்பதற்குள் ஊரே மாறிவிடும் என்பதை இங்கே கண்ணால் பார்த்தவர். சிறு சிறு நடவடிக்கை, உடனே விளைவைப் பார்த்தல், திருத்துதல் என்ற அவருடைய முறை அந்த அனுபவத்தில் விளைந்தது. அவர் துறை 1971இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போய், வளரும் நாடுகளின் திட்டமிடல் கல்விக்கான உலக மையங்களில் ஒன்றாயிற்று. நம் பிள்ளைகள் கடன் வாங்கிப் போய் அங்கே படிக்கும் பாடத்தில் நம் அகதி முகாம்களின் அனுபவம் கலந்திருக்கிறது.

இனி வட்டாரத் திட்டமிடலுக்கு வருவோம். ஒன்றியத்துக்கு நேராகத் தொடர்புடையது இதுவே. ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் தெற்கு ஜெர்மனியின் ஊர்களைப் பார்த்து ஒரு கோட்பாடு சொன்னார். சிற்றூர், அதற்குச் சேவை தரும் சந்தையூர், அதற்கு மேல் நகரம் என்று ஊர்கள் படிப்படியாகவும், ஏறக்குறைய ஒரே இடைவெளியிலும் அமையும் என்பது அதன் சாரம். இந்தியாவில் இது வளர்ச்சி மையக் கொள்கையாக வந்தது. ஐதராபாத்தில் இருந்த தேசிய சமுதாய மேம்பாட்டு நிறுவனத்தின் சார்பில் லலித் சென்னும் உடன் ஆய்வாளர்களும் மிர்யாலகுடா தாலுகாவில் எந்த ஊரில் பள்ளி, எதில் மருத்துவமனை, எதில் வங்கி அமைய வேண்டும் என்று கணக்கிட்டு 1971இல் நூல் வெளியிட்டார்கள். அந்நூல் இந்திய வட்டாரத் திட்டமிடல் வகுப்புகளில் நெடுநாள் பாடமாக இருந்தது.

இந்தக் கணக்கைக் கொங்கு நாட்டில் போட்டுப் பார்த்தால் இடிக்கும். இங்கே மக்கள் ஒரே இடத்தில் கூடி வாழும் கிராமம் பாதி. தோட்டந்தோட்டமாகச் சிதறி வாழும் வீடுகள் மீதி. பட்டி, பாளையம், புதூர், காட்டூர் என்று ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் எத்தனையோ குடியிருப்புகள். மக்கள் தொகையை வைத்துப் படிநிலை போட்டால் புதன்சந்தை எந்தப் படியில் வரும்? அங்கே வாரந்தோறும் கூடும் மாட்டுச் சந்தைக்குக் கேரளத்து வியாபாரிகள் லாரியோடு வருகிறார்கள். ஊர் சிறியது, அதன் கை பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலும் நீள்கிறது. இதை விளக்கக் கிறிஸ்டாலரைவிட, சீனத்தின் சிச்சுவான் சமவெளியில் வாரச் சந்தைகளின் சுழற்சியை ஆராய்ந்து 1964–65இல் எழுதிய வில்லியம் ஸ்கின்னர் உதவுவார். எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை, வியாபாரி எந்த வரிசையில் ஊர் ஊராகப் போகிறார் என்று பார்க்கச் சொன்னவர் அவர். ஜெர்மனியிலிருந்து வந்த சூத்திரம் கைவிட்ட இடத்தில் சீனத்துக் கேள்வி கைகொடுக்கிறது. உலகப் பார்வையின் பயன் எனக்குத் தெளிவாகத் தெரிவது இத்தகைய இடங்களில்தான். ஒரு நாட்டின் விடையை எடுத்து வராமல், எந்த நாட்டின் கேள்வி நம் நிலத்துக்குப் பொருந்துகிறது என்று மாணவர் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வு நம் பக்கமே சாய்ந்திருப்பதைக் காணலாம். தென்கிழக்காசியாவின் நெல்வயல்களுக்கு நடுவே ஆலையும் வீடும் கலந்து பரவுவதைப் பார்த்த டெர்ரி மெக்கீ, அதற்கு 1991இல் ‘தேசகோத்தா’ என்று பெயரிட்டார். நகரமும் கிராமமும் பிரிக்க முடியாமல் பின்னிய நிலம். சாலையோரப் புதுச்சத்திரத்தை அப்படியே விவரிப்பது போல் இருக்கும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் எரிக் தெனியும் அவருடன் பணியாற்றியவர்களும், பெருநகரத்தின் தயவில்லாமல் தாமாக வளரும் சிற்றூர்களை ஆராய்ந்தார்கள். புவனேசுவரி ராமன் திருச்செங்கோட்டை எடுத்துக்கொண்டு 2014இல் கட்டுரை எழுதினார். திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுவதும் ஆப்பிரிக்கா வரை போவதும் நாமக்கல் மாவட்டத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. எந்த முழுமைத் திட்டமும் அந்தத் தொழிலை அங்கே கொண்டுவந்து வைக்கவில்லை. உறவும் கடனும் பட்டறைக் கைத்திறனும் சேர்ந்து வளர்த்தன. பார்பரா ஹாரிஸ்-வைட் 1970களின் தொடக்கத்திலிருந்து ஆரணி என்ற ஒரே சந்தை நகரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, நாற்பதாண்டு மாற்றத்தை 2016இல் நூலாகத் தொகுத்தார். ஆரணியும் திருச்செங்கோடும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விவாதிக்கப்படுகின்றன. ராசிபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திட்டமிடல் படிக்கும் பிள்ளைக்கு இவை முதலாண்டிலேயே கையில் கிடைக்க வேண்டும்.

ஊர்களை எண்ணுவதிலும் இதே சிக்கல். மக்கள் தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே. இந்த மூன்றும் சேர்ந்தால் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரமாக எண்ணும். நிர்வாகம் மட்டும் ஊராட்சியாகவே வைத்திருக்கும். இப்படிப்பட்ட ஊர்கள் நாட்டில் 2001இல் 1,362, 2011இல் 3,894. தமிழ்நாட்டில் இடையில் பேரூராட்சி என்றொரு படி இருப்பதால் நிலைமை சற்று மேல். அந்தப் படியும் அசைந்தது உண்டு. 2004இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மறுபடி பேரூராட்சிகளாக்கினார்கள். நாமக்கல் 2024இல் சுற்றிலுமுள்ள ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியாயிற்று. எல்லைக்கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும்போது, கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வைத்துத் துறை பிரித்துப் படிப்பது எதற்கு?

ஆள் பற்றாக்குறை பற்றிய எண்களும் இதோடு சேர்ந்தவை. 2014இல் ஆப்பிரிக்கத் திட்டமிடுநர் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பதிவு பெற்ற திட்டமிடுநர்கள் பிரிட்டனில் 1,00,000 பேருக்குச் சுமார் 38, இந்தியாவில் 0.23 என்று ஒப்பிட்டது. நிதி ஆயோக்கின் 2021 செப்டம்பர் அறிக்கை, மாநிலத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை, ஒப்புதல் பெற்றவை 4,000க்கும் குறைவு, அவற்றிலும் பாதியளவு காலி என்றது. 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றும் சொன்னது. பல மாநிலங்களில் இந்தப் பணிக்குத் திட்டமிடல் பட்டம் கட்டாயத் தகுதியாகக்கூட இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை; சிவில் படித்து வெளிவரும் இளைஞர்களுக்கும் குறைவில்லை. அவர்களில் சிலருக்காவது இந்தத் துறையின் கதவைத் திறந்து காட்டினால், வெளியே தேட வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

நில மனைகளின் கதையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சமவெளியில் திட்டமிடல் என்ற பேச்சு சாதாரண மக்களின் வாழ்க்கைக்குள் வருவது பிளாட் வாங்கும்போதுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர்கள் மகள் கல்யாணத்துக்கு விற்க முடியாமல் திண்டாடினார்கள். 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் பெற வழி தந்தன. காகிதம் சரியாயிற்று. சாலை அகலம், மழைநீர் போகும் வழி, பிள்ளைகள் விளையாட இடம் எதுவும் அதனால் வந்துவிடவில்லை. காட்டுக்காரர் ஒருவர் தம் நாலு ஏக்கரை மனையாக்குவார். பக்கத்துக் காட்டுக்காரர் அடுத்த ஆண்டு தம் மூன்று ஏக்கரை. இரண்டு மனைப்பிரிவின் தெருக்களும் ஒன்றோடொன்று சேராது. இரண்டுக்கும் நடுவே வேலிகளுக்கிடையில் ஓடிய வழியான இட்டேரி மறைந்துபோகும். மழைக்காலத்தில் ஓடை அந்தப் பழைய தடத்தைத் தேடி வீடுகளுக்குள் வரும்.

இதற்கு உலகம் நூறாண்டுக்கு முன்பே ஒரு வழி கண்டது. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மேயர் பிரான்ஸ் ஆடிக்கஸ் 1902இல் கொண்டுவந்த சட்டம், பல உரிமையாளர்களின் துண்டு நிலங்களை ஒன்றாக்கி, சாலைக்கும் பொது இடத்துக்கும் எல்லோரிடமும் விகிதப்படி எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தந்தது. நிலம் குறையும், மதிப்பு கூடும். யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. பம்பாயின் 1915ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. ஜப்பான் எடுத்துக்கொண்டு, 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவைக் கட்ட அதைப் பயன்படுத்தியது. தென்கொரியாவும் எடுத்துக்கொண்டது. குஜராத் மட்டும் நம் நாட்டில் விடாமல் தொடர்ந்து, 2001 நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் நகரின் உள்பகுதியைக்கூட அப்படித்தான் சீரமைத்தது. தமிழ்நாடும் அண்மை ஆண்டுகளில் நில ஒருங்கிணைப்புக்குச் சட்ட வழி செய்திருக்கிறது. பிராங்பேர்ட், டோக்கியோ, சியோல், அகமதாபாத் நான்கையும் ஒரே மேசையில் விரித்து, இங்கே கிணற்றுப் பங்கு என்ன ஆகும், குத்தகைக்கு உழுபவருக்கு என்ன கிடைக்கும், நிலமே இல்லாதவர் எங்கே நிற்பார் என்று கேட்டால் அது முழு உலகப் பாடம். அந்தக் கேள்விகள் இல்லாமல் குஜராத்தை நகலெடுத்தால் நிலம் உள்ளவருக்கு மட்டுமே திட்டம் கிடைக்கும்.

கல்வி உலகுக்குள் இந்த விவாதம் நெடுநாளாக நடக்கிறது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிஷ் சன்யால் 1990இல் தொகுத்த நூல் ஒன்று, வளரும் நாட்டு மாணவருக்குத் தனிப் பாடமா, எல்லோருக்கும் ஒரே பாடமா என்று கேட்டது. திட்டமிடல் பள்ளிகளின் முதல் உலக மாநாடு 2001இல் ஷாங்காயில் கூடியது. தென்னாப்பிரிக்காவின் வனெசா வாட்சன், ஐரோப்பிய நகரத்தை இயல்பானதாகவும் மற்றவற்றைப் பிறழ்வாகவும் பார்க்கும் பழக்கத்தை 2009இல் கண்டித்து எழுதினார். நான் வாட்சன் பக்கம். ஆனால் தெற்கு நாடுகள் என்ற பொதுப் பெயருக்குள் ஜோகனஸ்பர்க்கையும் புதுச்சத்திரத்தையும் ஒன்றாக அடைத்துவிட்டாலும் அதே பிழைதான் வேறு உருவில் நடக்கும். ஊரின் நுணுக்கம் தெரிந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

நுணுக்கம் தெரிய மொழி வேண்டும். நம் திட்டமிடல் மாணவர்கள் கள ஆய்வில் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் படம் காட்டி மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆய்வுக்கு உட்பட்ட ஊர் அந்த அறிக்கையை ஒருபோதும் படிக்காது. நத்தம், புறம்போக்கு, வண்டிப்பாதை, இட்டேரி, பொழி, ஏரி வாரி என்று மக்கள் பிரித்துச் சொல்வதெல்லாம் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ஏறும்போது ஒன்றிரண்டு நிறங்களாகச் சுருங்குகின்றன. கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் படிக்கத் தெரியாமல் செயற்கைக்கோள் படத்தை மட்டும் படிக்கத் தெரிந்தவர் இங்கே வேலை செய்ய முடியாது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் வரவு செலவை மக்கள் கூட்டங்களில் வைத்துத் தீர்மானிக்கத் தொடங்கியபோது விவாதம் அந்த ஊர்ப் பேச்சு மொழியிலேயே நடந்தது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கும் முன்பே கல்லியாசேரியில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊராட்சியின் நிலம், நீர் வளங்களை மலையாளத்தில் வரைபடமாக்கியிருந்தார்கள். நம் கிராம சபைக்கு முழுமைத் திட்ட வரைவு தமிழில், நாலு பக்கமாக, படத்தோடு வர வேண்டும். அப்படி எழுதக் கற்பிப்பதும் திட்டமிடல் பாடத்தின் ஒரு தாள்தான்.

இந்த மாவட்டத்திலேயே ஒரு பாடம் ஆயத்தமாகக் காத்திருக்கிறது. கெடஸ் மாணவருக்கு ஒரு படம் போட்டுக் காட்டுவார்: மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரு பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு தொழில், ஒரு வகை ஊர். நாமக்கல் மாவட்டத்தில் அதை ஒரே நாள் பயணத்தில் பார்த்துவிடலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கொல்லிமலையில் மிளகும் காப்பியும் சிறுதானியமும். அடிவாரத்தில் சேந்தமங்கலம். சமவெளியில் புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைகளும் கல்லூரிகளும். தெற்கே நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகள். அதற்கும் தெற்கே மோகனூரில் காவிரி. மேலே பெய்த மழை கீழே யாருடைய கிணற்றுக்குப் போகிறது, கொட்டகைக் கழிவு எந்த ஓடையில் சேர்கிறது, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை போடும் பண்ணைகள் வேளாண் பகுதியா, தொழில் பகுதியா, ஈத் தொல்லையைப் புகார் சொல்லும் மனைக்காரருக்கும் முப்பது ஆண்டாக அங்கே இருக்கும் பண்ணைக்காரருக்கும் இடையே எத்தனை மீட்டர் நியாயம் என்ற கேள்விகள் இந்தக் குறுக்குவெட்டில் எழும். நெதர்லாந்தும் தாய்லாந்தும் பெரும் பண்ணைகளோடு பட்ட பாட்டை ஒப்பிடவும் இங்கே இடமுண்டு.

இந்தப் பாடத்தைப் படிக்கச் சென்னைத் திட்டமிடல் பள்ளியின் முதுநிலை மாணவர்கள், நாமக்கல் மாவட்டத்து சிவில் மாணவர்கள், ஊரக வளர்ச்சி படிப்பவர்கள், வெளிநாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து வரும் குழு எல்லோரும் சேர்ந்து ஒரு பருவம் இங்கே தங்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டிகளாக மட்டும் நிற்காமல் ஆய்வாளர்களாக இருக்க வேண்டும். அறிக்கை தமிழில் எழுதப்பட்டு ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். நகராட்சிகளும் ஊராட்சிகளும் தீட்டும் திட்டங்களை ஒன்றாக்குவதற்கென்றே அரசமைப்பின் 74ஆம் திருத்தம் ஏற்படுத்திய மாவட்டத் திட்டக் குழுவின் மேசைக்கும் போக வேண்டும். பத்தாண்டு கழித்து அடுத்த மாணவர்கள் அதே ஊர்களில், அதே கேள்விகளோடு மறு ஆய்வு செய்ய வேண்டும், ஸ்லேட்டரின் ஊர்களில் நடந்ததைப் போல. நாமக்கல் மாநகராட்சியின் எல்லை அடுத்த முறை வடக்கே நகரும் முன் முதல் சுற்று முடிந்திருந்தால், எந்த ஓடையைத் தொடக்கூடாது, எந்த இட்டேரி சாலையாக வேண்டும் என்று சொல்வதற்கு ஊர் கையில் ஒரு வரைபடம் இருக்கும்.